வெட்டுப்புள்ளியும் துறைமுகமும்

ஒரு தனிச் சமூகம், தன் குறைகளைத் தானே எடுத்துரைக்க வேண்டும் என்னும் எண்ணத்தால் தனக்கெனக் கட்சி ஒன்று கண்டு, அக்கட்சியின் பலத்தால் அரசாங்கத்தில் ஓர் ஆசனமும் பெற்றுவிட்ட பிறகு, அந்த ஆசனத்தால் அச்சமூகத்துக்கு வாய்ப்பது என்ன, அதற்கு ஈடாக அது விட்டுக்கொடுப்பது என்ன என்னும் கேள்வி, விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடைப்பட்ட இந்தக் கண்டாச்சிபுரம் வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்குப் புத்தகம் படித்து அறிய வேண்டிய கேள்வி அன்று. இவ்வூர் திருக்கோயிலூர் தாலுக்காவைச் சேர்ந்திருந்த காலத்தில், 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி சென்னைச் சட்டசபையில் 19 இடங்களையும், எம். ஏ. மாணிக்கவேலு நாயகரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் கைப்பற்றின. 375 பேர் கொண்ட அந்தச் சபையில் காங்கிரஸுக்கு 152 பேரே இருந்தமையால், வன்னியர் பலத்தில் எழுந்த இவ்விரு கட்சிகளின் ஆதரவுக்கும் திடீரென்று ஒரு மதிப்பு உண்டாயிற்று. மாணிக்கவேலர் இராஜாஜியின் மந்திரிசபையில் இடம்பெற்றார். 1954ஆம் ஆண்டு காமராஜர் அமைத்த எட்டுப் பேர் கொண்ட மந்திரிசபையில் அவரோடு படையாட்சியாரும் சேர்ந்துகொண்டார். தலைவர்களுக்கு ஆசனம் கிடைத்தது. கட்சிகள் இரண்டும் காங்கிரஸில் கரைந்தன.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1987ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் தேதி தொடங்கி ஒரு வாரம் இதே ஜில்லாவின் சாலைகளில் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டு, இட ஒதுக்கீடு கோரி நடந்த மறியலில் 21 பேர் உயிரிழந்தனர். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 20 சதவீத ஒதுக்கீடு வந்தது. அவ்வாண்டு ஜூலை மாதத்தில்தான் திண்டிவனத்து மருத்துவர் இராமதாஸ் பாட்டாளி மக்கள் கட்சியைத் தொடங்கினார். 1998இல் அக்கட்சியின் சார்பில் தலித் எழில்மலை மத்திய அரசில் சுகாதாரத் துறையின் இணையமைச்சராகத் தனிப்பொறுப்பு ஏற்றதும், 2004 முதல் 2009 வரை அன்புமணி இராமதாஸ் அதே துறையின் காபினெட் மந்திரியாக இருந்ததும், 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி முதல் நாடெங்கும் பொது இடங்களில் புகைபிடித்தல் தடைசெய்யப்பட்டதும் பின்வந்த செய்திகள். புகைத்தடை நல்ல காரியந்தான். ஆனால் அது கண்டாச்சிபுரத்துக்கும் கான்பூருக்கும் ஒன்றாகவே பொருந்துவது. இந்த ஜில்லாவின் சமூகக் கட்சி எதற்காகப் பிறந்ததோ அந்த ஒதுக்கீட்டில் முதற்பெரும் பங்கு, கட்சி பிறப்பதற்கு முன்னரே, ஆசனம் ஏதுமின்றிச் சாலையில் நின்று பெறப்பட்டதாகும்.

நம் வீட்டு வழக்கை நாமே நடுநிலையில் நின்று விசாரிப்பது எளிதன்று. மனிதர்கள் அறிமுகமானவர்கள், ஆத்திரங்களும் நன்றிகளும் இன்னும் ஆறவில்லை. ஆகையால், இதே கேள்வியைக் கடலுக்கு அப்பால், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட இன்னொரு சமூகத்தின் தலைவர் ஒருவருடைய வாழ்க்கையில் வைத்து ஆராய்வது தெளிவு தரும் என்று கருதுகிறேன். இலங்கையின் கிழக்குக் கரையில் பிறந்து, ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் என்னும் கட்சியை நிறுவி, ஆறு ஆண்டுகள் அந்நாட்டின் மத்திய மந்திரிசபையில் வீற்றிருந்து, 2000ஆம் ஆண்டில் ஆகாய விபத்தில் மாண்ட எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களே அத்தலைவர்.

அஷ்ரஃப் 1948ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி சம்மாந்துறையில் பிறந்தார். நெல் வயல்களும் நெசவும் மீன்பிடித்தலும் ஜீவனமாக உள்ள அந்தக் கரையோரத்தின் கல்முனையில் வளர்ந்து, சட்டம் பயின்று, வழக்கறிஞரானார். கவிதையிலும் அவருக்கு நாட்டம் உண்டு. ‘நான் எனும் நீ’ என்ற பெயரில் அவருடைய கவிதைகள் 1999இல் நூலாக வெளிவந்தன. அவருக்கு முன் இலங்கை முஸ்லிம்களிடையே மந்திரிகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பதியுதீன் மஹ்மூத் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி ஆட்சிகளில் கல்வி மந்திரியாக இருந்தார். கண்டிப் பகுதியைச் சேர்ந்த ஏ. சி. எஸ். ஹமீது ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சியில் 1977 முதல் பல்லாண்டுகள் வெளிநாட்டு மந்திரியாக இருந்தார். ஆயினும் இவர்கள் பெரும்பான்மைக் கட்சிகள் இரண்டினுள் ஒன்றன் கொடிக்கீழ் நின்றவர்கள். மேற்கிலும் மலைநாட்டிலும் வாணிகத்தாலும் கல்வியாலும் உயர்ந்த குடும்பங்களின் நோக்கிலேயே சமூகத்தின் நன்மையைக் கண்டவர்கள். சிங்களவர் நடுவே சிதறி வாழும் முஸ்லிம்களுக்கு அந்த வழி விவேகமாகவும் இருந்தது. கிழக்கில் வயலும் ஊரும் பள்ளிவாசலுமாகத் திரண்டு வாழ்ந்த விவசாயிகளுக்கோ, கொழும்பிலிருந்து பேசிய இந்தக் குரல் தங்கள் குரலாகத் தோன்றவில்லை.

இளமையில் அஷ்ரஃப் தமிழர் அரசியலின் பக்கமே சாய்ந்திருந்தார் என்பதைத் தமிழ்நாட்டு வாசகர் பலர் அறியார். 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி என்னும் சிறு ஸ்தாபனம் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு சேர்ந்து உதயசூரியன் சின்னத்தில் போட்டியிட்டபோது, அவர் மேடைதோறும் ஏறி, அண்ணன் அமிர்தலிங்கத்தால் ஈழம் பெற முடியாது போனாலும் தம்பி அஷ்ரஃப் பெற்றுத்தருவான் என்ற பொருள்படப் பேசியதாக அக்காலத்தவர் இன்றும் நினைவுகூர்வர். முஸ்லிம் தொகுதிகளில் அந்த முயற்சி வெற்றி பெறவில்லை. பின்னர் 1981இல் காத்தான்குடியில் ஒரு பிரதேச அமைப்பாக முஸ்லிம் காங்கிரஸ் உருவாயிற்று. 1985இல் கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரங்கள் மூண்டன. அஷ்ரஃப் கல்முனையை விட்டுக் கொழும்புக்குக் குடிபெயர நேர்ந்தது. 1986இல் அவ்வமைப்பு அரசியற் கட்சியாக மாற்றம் பெற்று அவர் தலைமையின்கீழ் வந்தது.

கட்சிக்கு உயிர் கொடுத்தது 1987ஆம் ஆண்டு ஜூலை மாதத்து இந்திய–இலங்கை ஒப்பந்தம் என்றால் மிகையாகாது. கிழக்கு மாகாணத்தில் முஸ்லிம்கள் மூன்றில் ஒரு பங்கினராக இருந்தனர். தமிழரும் சிங்களவரும் அவ்வாறே பெரிய பங்கினராய் இருந்த அம்மாகாணத்தில், யாரோடு சேர்வது என்று தீர்மானிக்கும் நிலை அவர்களுக்கு இருந்தது. ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக இணைத்த மாத்திரத்தில் அந்தப் பங்கு ஏறத்தாழ 17 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. இரண்டு அரசாங்கங்கள் கையொப்பமிட்ட அந்தப் பத்திரத்தில், தம்மைக் கேளாமலே தம் எண்ணிக்கையின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்பட்டதைக் கிழக்கின் முஸ்லிம் விவசாயி கண்கூடாகக் கண்டான். 1988ஆம் ஆண்டு நவம்பரில் நடைபெற்ற வடகிழக்கு மாகாணசபைத் தேர்தலில் 71 இடங்களில் 17 இடங்களை முஸ்லிம் காங்கிரஸ் பெற்றது இந்த மனக்குமுறலின் விளைவேயாகும்.

அடுத்த மாதம் நடந்ததுதான் அஷ்ரஃபின் வாழ்க்கையில் மிக நுட்பமான காரியம் என்பது என் அபிப்பிராயம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இலங்கையில் விகிதாசாரத் தேர்தலைக் கொண்டுவந்தபோது, ஒரு தேர்தல் மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீத வாக்குப் பெறாத கட்சிக்கு அம்மாவட்டத்தில் இடமே இல்லை என்ற விதியையும் சேர்த்தே கொண்டுவந்தது. இதனை அந்நாட்டார் வெட்டுப்புள்ளி என்று வழங்குவர். சிறு கட்சிகளுக்குக் கதவைத் திறப்பது போன்ற தேர்தல் முறையொன்றை வகுத்து, வாசற்படியை மட்டும் ஆள் உயரத்துக்குக் கட்டிவைத்தது போன்ற ஏற்பாடு அது. இலங்கை முஸ்லிம்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கிழக்குக்கு வெளியே, சிங்களப் பெரும்பான்மை மாவட்டங்களில் பத்துப் பேருக்கு ஒருவர் என்றும் அதற்குக் குறைவாகவும் பரவி வாழ்பவர்கள். அம்மாவட்டங்களில் அவர்கள் அனைவரும் ஒருமுகமாக வாக்களித்தாலும் அந்தப் படியைத் தாண்ட முடியாது.

1988ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் தேதி ஜனாதிபதித் தேர்தல். தெற்கில் மக்கள் விடுதலை முன்னணியின் ஆயுதக் கிளர்ச்சி உச்சத்தில் இருந்த காலம். ஐக்கிய தேசியக் கட்சியின் பிரேமதாசாவுக்கும் சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கும் இடையே வெற்றி எப்பக்கம் சாயும் என்று எவராலும் சொல்ல இயலாத போட்டி. அஷ்ரஃப் பிரேமதாசாவிடம் மந்திரி பதவி கேட்கவில்லை. வெட்டுப்புள்ளியை 5 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றே கேட்டார். வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்னர், டிசம்பர் 17ஆம் தேதி, அரசியலமைப்பின் பதினைந்தாம் திருத்தம் சட்டமாயிற்று. பிரேமதாசா பெற்ற வாக்கு 50.43 சதவீதம். அந்த அரை சதவீதத்துக்குக் குறைவான மிகுதியில் கிழக்கின் முஸ்லிம் வாக்குகள் எத்தனை என்று பிரித்துக் காட்ட ஒருவராலும் ஆகாது. ஆயினும் கணக்குத் தெரிந்த அரசியல்வாதி எவனும் அவை பொருட்டல்ல என்று சொல்லத் துணியான்.

இந்தப் பேரத்தில் இரண்டு சிறப்புகள் உண்டு. வாக்குக் கொடுக்கப்படுவதற்கு முன்பே விலை கைக்கு வந்துவிட்டது ஒன்று. வந்த விலை ஒரு மனிதருக்கு அளிக்கப்பட்ட பதவியாக இராமல், எந்த அரசாங்கம் வந்தாலும் எளிதில் திரும்பப் பெற முடியாத சட்டமாக இருந்தது மற்றொன்று. 1989ஆம் ஆண்டு பெப்ரவரித் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 4 இடங்களைப் பெற்றது. அஷ்ரஃப் திகாமடுல்லை மாவட்டத்திலிருந்து பாராளுமன்றத்துக்கு வந்தார். எதிர்க்கட்சி வரிசையில் அவர் அமர்ந்திருந்த ஆண்டுகள் அவருடைய சமூகத்துக்கு நரக ஆண்டுகள். 1990 ஆகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில் வடக்கிலிருந்து எழுபதினாயிரத்துக்கும் அதிகமான முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். ஒரு காலத்தில் ஈழம் பெற்றுத்தருவேன் என்ற தம்பியின் பேச்சுக்கு இனி இடமில்லாது போயிற்று. இந்த நிகழ்ச்சிகளைத் தமிழ்நாட்டில் நாம் பேசத் தயங்கிய அளவுக்கு வேறெதையும் பேசத் தயங்கியதில்லை என்பதையும் குறித்துச் செல்கிறேன்.

1994 ஆகஸ்ட் தேர்தலின் முடிவு, சிறு கட்சி ஒன்றின் தலைவர் கனவில் மட்டுமே காணத்தக்க முடிவு. 225 இடங்களில் சந்திரிகா குமாரதுங்கவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 94. முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. ஆட்சிக்கு 113 வேண்டும். 105உம் 7உம் 112. மலையக மக்கள் முன்னணியின் ஒற்றை உறுப்பினரும் சேர்ந்து எண்ணிக்கை நிறைவுற்றது. பதினேழு ஆண்டுக்கால ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிவுற்றது. அஷ்ரஃப் கப்பல்துறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு மந்திரியானார்.

அவர் பெற்ற துறை சாமானியமானதன்று. தீவு நாடு ஒன்றின் ஏற்றுமதியும் இறக்குமதியும் கொழும்புத் துறைமுகத்தின் வழியே செல்பவை. அத்துறைமுகம் பல்லாயிரம் பேருக்கு உத்தியோகம் தருவது. அஷ்ரஃபின் காலத்தில் கிழக்கின் முஸ்லிம் இளைஞர்கள் கணிசமான தொகையினர் துறைமுகத்தில் வேலை பெற்றனர். எதிர்த்தரப்பும் கூட்டணிக்குள்ளேயே சிலரும் அதனைக் குறைகூறினர். குறைகூறியவர்களின் கட்சிகள் தத்தம் காலத்தில் அதே துறைமுகத்தில் தத்தம் ஊராரை நிரப்பாதிருந்தனவா என்று அவர் ஆதரவாளர் திருப்பிக் கேட்டனர்; கேள்வி நியாயமானதே, ஆயினும் பதில் ஆகாது. 1999இல் எலிஸபெத் ராணிப் பெயர்கொண்ட துறைமேடை 30 ஆண்டுகளுக்குத் தனியார் கூட்டு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டதும் இவர் பொறுப்பில் துறை இருந்தபோதுதான். தொழிற்சங்கங்கள் எதிர்த்த அந்த மாற்றத்தினால் கொழும்பு, தென்னாசியாவின் கொள்கலப் போக்குவரத்தில் தன் முதன்மையைக் காத்துக்கொள்ள ஓரளவு முடிந்தது.

மந்திரியாக இருந்து அவர் கட்டியவற்றுள் நிலைத்தது ஒலுவில் பல்கலைக்கழகம். யுத்தத்தினால் யாழ்ப்பாணத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கல்வியைத் தொடர இயலாது தவித்த முஸ்லிம் மாணவர்களுக்காக 1995 அக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டு, 1996 மே மாதத்தில் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஏழு மாதத்தில் ஒரு கல்லூரி பல்கலைக்கழகமாவது, ஓர் உறுப்பினரின் மிகுதியில் ஆட்சி நடத்தும் பிரதமர் ஒருவர் ஜனாதிபதியாகிவிட்ட பின்னும் அந்த மிகுதியை மறவாதிருந்த நாட்டில் மட்டுமே நடக்கும். ஆசனத்தில் அமர்ந்த பிறகு எதுவும் கிடைக்காது என்று நான் வாதிக்கவில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். ஆனால் கிடைத்தவை எத்தகையவை என்று பார்க்க வேண்டும்: கட்டடம், உத்தியோகம், நிதி ஒதுக்கீடு. எதற்காகக் கட்சி பிறந்ததோ, அந்த 17 சதவீதச் சிக்கலுக்குப் பரிகாரம், முஸ்லிம் பெரும்பான்மை கொண்ட தென்கிழக்கு அலகு என்னும் கோரிக்கை, மந்திரிசபையின் ஆலோசனைகளிலும் அரசியலமைப்பு வரைவுகளிலும் புகுந்து புகுந்து வெளிவந்ததே அன்றி, சட்டமாகவில்லை. 2000 ஆகஸ்டில் புதிய அரசியலமைப்பு மசோதா பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டு, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு சேராமையால் சில நாட்களில் ஒத்திவைக்கப்பட்டது. அதன் பிறகு அது எழவே இல்லை.

இந்நிலையை நன்கு புரிந்துகொள்ள, ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில் வாழ்ந்த மற்றொரு முஸ்லிம் தலைவரின் வாழ்க்கை துணைசெய்யும். இன்று போஸ்னியாக்கர் என்று அறியப்படும் போஸ்னிய முஸ்லிம்களின் தலைவராக, யுகோஸ்லாவிய ராஜ்யத்தில் இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் விளங்கிய மெஹ்மெத் ஸ்பாஹோ 1883இல் சராயேவோவில் பிறந்து, வியன்னாவில் சட்டம் பயின்றவர். 1919இல் நிறுவப்பட்ட யுகோஸ்லாவிய முஸ்லிம் ஸ்தாபனம் அடுத்த ஆண்டுத் தேர்தலில் அரசியல் நிர்ணய சபையின் 419 இடங்களில் 24 இடங்களைப் பெற்றது. செர்பியரும் குரோஷியரும் ஒருவரையொருவர் நம்பாத அந்தப் புதிய ராஜ்யத்தில், மத்திய அதிகாரத்தை விரும்பிய அரசாங்கம் தன் அரசியலமைப்பை நிறைவேற்ற 210 வாக்குகள் வேண்டியிருந்தன. 1921 ஜூன் 28ஆம் தேதி கிடைத்தவை 223. ஸ்பாஹோவின் கட்சியும் தென்பகுதி முஸ்லிம் கட்சியும் விலகி நின்றிருந்தால் அது நிறைவேறியிராது. ஆதரவுக்கு அவர் கேட்ட விலைகளில் முக்கியமானது, நாட்டை நிர்வாகப் பிரிவுகளாகக் கூறுபோடும்போதும் போஸ்னியாவின் பழைய எல்லைக்கோடு கலையாதிருக்க வேண்டும் என்பது; அது அரசியலமைப்பிலேயே 135ஆம் ஷரத்தாக எழுதப்பட்டது. மற்றொன்று, நிலச் சீர்திருத்தத்தில் நிலம் இழந்த முஸ்லிம் நிலவுடைமையாளருக்கு நஷ்டஈடு. இரண்டாவதில் ஏழை முஸ்லிமுக்குப் பங்கில்லை என்று அவரைக் குறைகூறியவர்கள் அன்றே இருந்தனர்.

அஷ்ரஃபின் வெட்டுப்புள்ளியும் ஸ்பாஹோவின் எல்லைக்கோடும் ஒரே ஜாதியைச் சேர்ந்த லாபங்கள். இரண்டும் வாக்கின் அருமை உச்சத்தில் இருந்த நாளில், காகிதத்தில், சட்டத்தின் மொழியில் பெறப்பட்டவை. பின்னாளில் 1935 முதல் ஸ்பாஹோ, ஸ்டோயாதினோவிச்சின் ஆளுங்கூட்டணியில் பங்காளியாகிப் போக்குவரத்து மந்திரியாக அமர்ந்தார், இரயில்வேயை ஆண்டார். துறைமுக மந்திரியைப் போலவே இரயில்வே மந்திரியும் உத்தியோகம் தர வல்லவர். பாலமும் நிலையமும் திறந்துவைக்க வல்லவர். ஆனால் 1929இலேயே மன்னர் அலெக்ஸாந்தர் அரசியலமைப்பை ஒழித்து நாட்டை ஒன்பது மாகாணங்களாக மறுபடி வகுத்தபோது, போஸ்னியா நான்கு கூறாகி, ஒன்றிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாய் இராதபடி ஆயிற்று. அதனை மந்திரி ஸ்பாஹோவால் திருத்த முடியவில்லை. 1939 ஜூன் 29ஆம் தேதி அவர் பெல்கிராடில் மாண்டார். இரண்டு மாதத்துக்குள், ஆகஸ்ட் 26ஆம் தேதி, செர்பியத் தலைமையும் குரோஷியத் தலைமையும் தமக்குள் ஒப்பந்தம் செய்து குரோஷியாவுக்குத் தனி மாகாணம் வகுத்துக்கொண்டன. போஸ்னியாவின் கணிசமான பகுதி அதில் சேர்க்கப்பட்டது. போஸ்னிய முஸ்லிம்களை எவரும் கேட்கவில்லை. 1987இல் கிழக்கிலங்கை முஸ்லிம்களுக்கு நேர்ந்ததும் இதுவே.

ஸ்பாஹோ குடும்பத்தைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி ஒன்றை இங்கே விட்டுவிட மனமில்லை. சகோதரர் மூவரில் ஒருவர் தம்மைக் குரோஷியர் என்றும், ஒருவர் செர்பியர் என்றும், மெஹ்மெத் மட்டும் யுகோஸ்லாவியர் என்றும் பதிவுசெய்துகொண்டனராம். மொழியால் அண்டை வீட்டாரோடு ஒன்றுபட்டும், மதத்தால் வேறுபட்டும் நிற்கும் ஒரு சமூகத்தின் சங்கடம் இதற்கு மேல் சுருக்கமாகச் சொல்லப்பட்டதில்லை. தமிழில் கவிதை எழுதிய அஷ்ரஃபைத் தமிழர் தலைமை தன்னவர் என்று எண்ணியதும், எண்ணியதன் பேரில் கேளாமல் முடிவெடுத்ததும் அதே சங்கடத்தின் மறுபக்கம். போஸ்னிய முஸ்லிம் ஒருவர் யுகோஸ்லாவியாவின் பிரதமராகவே உயர்ந்தது பிற்காலத்துக் கம்யூனிஸ்ட் ஆட்சியில். 1971 முதல் 1977 வரை அப்பதவி வகித்த ஜெமால் பியெதிச் சமூகக் கட்சியின் வழியாக வந்தவர் அல்லர். பதியுதீனையும் ஹமீதையும் போல ஆளுங்கட்சியின் மனிதர். அவரும் விமான விபத்திலேயே மாண்டார்.

அஷ்ரஃபின் கடைசி ஆண்டுகளில் அவர் தாம் அமைத்த சமூகக் கட்சியின் எல்லையைத் தாமே தாண்ட முயன்றார் என்பது, அவரைக் குறுகிய மனத்தினர் என்று பேசுவோர் கவனிக்க வேண்டியது. தேசிய ஐக்கிய முன்னணி என்னும் பெயரில் எல்லா இனத்தாரையும் சேர்க்கும் கட்சி ஒன்றை அவர் நிறுவி, 2012ஆம் ஆண்டுக்குள் இனப்பிரச்சினைக்குத் தீர்வு என்று அதற்கு இலக்கும் குறித்தார். சிங்கள பௌத்த மேடைகளில் தம்மைத் தாக்கிப் பேசிய சோம தேரர் என்னும் பிக்குவை, 1999இல் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் சந்தித்துச் சிங்களத்தில் விவாதித்தார். இது தேர்தல் கணக்கு மட்டுமே என்று சிலர் எழுதுகின்றனர். நான் அவ்வாறு நினைக்கவில்லை. ஆறு ஆண்டுகள் மந்திரிசபையில் இருந்து, ஏழு உறுப்பினரின் பலத்தால் ஒரு துறைமுகமும் ஒரு பல்கலைக்கழகமும் பெறலாம், ஓர் அரசியலமைப்புப் பெற இயலாது என்று கண்டுகொண்ட மனிதர், அந்த ஏழை நாற்பதாக்க வேறு வழி தேடினார் என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. நாற்காலியின் எல்லையை நாற்காலியில் இருந்தவரே அளந்து பார்த்தார் என்று சொல்லலாம்.

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி, தேர்தலுக்கு மூன்றரை வாரம் இருக்கையில், கொழும்பிலிருந்து கிழக்குக்குச் சென்ற விமானப்படை ஹெலிகாப்டர் கேகாலை மாவட்டத்து அரநாயக்க மலைப்பகுதியில் விழுந்து அஷ்ரஃபும் உடன்சென்றோரும் மாண்டனர். காரணம் குறித்து விசாரணை நடந்தது. ஐயங்கள் இன்றும் அடங்கவில்லை.

அவருக்குப் பின் நடந்தவை விரைவில் சொல்லத்தக்கவை. தலைமை ரவூப் ஹக்கீமிடமும் அஷ்ரஃபின் மனைவி பேரியலிடமுமாகப் பிரிந்தது. பேரியல் தேசிய ஐக்கிய முன்னணியோடு அரசாங்கத்தின் பக்கம் நின்றார். ஹக்கீம் 2001 ஜூனில் மந்திரிசபையிலிருந்து நீக்கப்பட, அவரோடு முஸ்லிம் காங்கிரஸ் வெளியேறியதில் அரசாங்கம் பெரும்பான்மை இழந்து, அவ்வாண்டு டிசம்பரில் மறுபடி தேர்தல் வந்தது. ஏழு பேரின் பலம் என்ன என்பது கடைசியாக ஒரு முறை மெய்ப்பிக்கப்பட்டது. அதன்பின் அதாவுல்லாவும் ரிஷாத் பதியுதீனும் தத்தம் கட்சிகளோடு பிரிந்து, ஒவ்வோர் அரசாங்கத்திலும் ஒவ்வொருவர் மந்திரியாவது வழக்கமாயிற்று. ஒரு சமூகத்தின் வாக்கு மூன்று கூடைகளில் விற்பனைக்கு வரும்போது விலை குறைவதை விளக்க வேண்டியதில்லை. அஷ்ரஃப் ஆசைப்பட்ட ஒலுவில் துறைமுகம் டென்மார்க்கின் கடனில் 2008இல் கட்டத் தொடங்கி 2013இல் திறக்கப்பட்டது. முகத்துவாரத்தை மணல் தூர்த்தது. வடக்கே கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோப்புகளை விழுங்கியது. மீனவர்கள் முறையிட்டவண்ணம் உள்ளனர்.

வெட்டுப்புள்ளியோ இன்றும் 5 சதவீதமாகவே இருக்கிறது. அதன் பயன் எவ்வளவு தூரம் சென்றது என்பது, அதனைக் கேட்டுப் பெற்றவரே எதிர்பார்த்திராதது. 1988இல் எந்த மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சிக்கு நடுவே அந்தச் சட்டம் பிறந்ததோ, அதே கட்சி 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடெங்கும் சுமார் 6 சதவீத வாக்கோடு 10 இடங்களைப் பெற்றது; பழைய வாசற்படி நின்றிருந்தால் அவற்றில் பெரும்பாலானவை கிட்டியிரா. அக்கட்சியினர் 2006இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் தீர்ப்பாகவே, அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் தேதி, 1987 ஒப்பந்தத்தின் வழிவந்த வடகிழக்கு இணைப்பு செல்லாதென்று அறிவிக்கப்பட்டு, 2007 ஜனவரி முதல் கிழக்கு மீண்டும் தனி மாகாணமாயிற்று. தமிழர் நோக்கில் அது பேரிழப்பு. கிழக்கு முஸ்லிம்களின் எண்ணிக்கைக் கணக்கில், பழைய மூன்றில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்த நாள். 2015 பெப்ரவரியில் முஸ்லிம் காங்கிரஸைச் சேர்ந்த நசீர் அஹமத் கிழக்கு மாகாண முதலமைச்சராகப் பதவியேற்றார். அந்த ஆசனத்துக்கு வழிவிட்ட தீர்ப்பில் மந்திரி அஷ்ரஃபின் ஆறு ஆண்டுகளுக்குப் பங்கு ஏதும் இல்லை. 1988 டிசம்பரில் மந்திரியாக இல்லாத வழக்கறிஞர் அஷ்ரஃப் கேட்டு வாங்கிய எண் ஒன்றுக்கு, மறைமுகமாகவேனும், பங்கு உண்டு.